பாயிண்டர் புராணம்: கதவு எண் மட்டும் போதுமா?

கொஞ்ச நாளாக இந்தப் பக்கத்தில் ரயில் டிக்கெட், சங்கத்துப் பொங்கல் விழா, புனேயில் நல்ல இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்றே ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தடவை பொட்டி தட்டுகிற சமாச்சாரம். பயப்பட வேண்டாம், நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரிதான் எழுதப்போகிறேன். வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். சி மொழி வகுப்பில் பாயிண்டர் என்ற பெயரைக் கேட்டாலே முகம் வெளுக்கிற பிள்ளைகள் நிறைய. அது எங்கே பிறந்தது, எதற்காக என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 'ஸ்டார் போட்டால் உள்ளே இருப்பது, ஆம்பர்சண்ட் போட்டால் முகவரி' என்று உருப்போடவைத்து மார்க் மட்டும் போட்டுவிடுகிறார்கள்.

தெருவும் சீட்டும்

கணினியின் நினைவகத்தை ஒரு நீளமான தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். வீட்டுக்குள் இருப்பது தகவல். பாயிண்டர் என்பது வீடு அல்ல, கதவு எண் எழுதிய துண்டுச் சீட்டு. தமிழில் 'சுட்டி' என்று அழகான பெயர் இருக்கிறது. ஆனால் இணையத்தில் லிங்க்குக்கும் சுட்டி, மவுஸுக்கும் சுட்டி, வீட்டில் அடங்காத வாண்டுக்கும் சுட்டி என்று ஆகிவிட்டதால், குழப்பம் வேண்டாமென்று பாயிண்டர் என்றே எழுதுகிறேன்.

ஒரு நிரல் தன் சீட்டைத் தன் பையிலேயே வைத்திருக்கும்வரை தொல்லை குறைவு. சீட்டை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான் கதை ஆரம்பம். 'டிஸ்க்கிலிருந்து இந்தக் கோப்பைப் படித்து, இந்த எண் வீட்டில் கொண்டுபோய் வை' என்று இயங்குதளத்திடம் கேட்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கென்று வைத்திருக்கும் வாசல்களுக்குத்தான் சிஸ்டம் இடைமுகம், ஏபிஐ என்றெல்லாம் பெயர். கேட்பவர் பேசுவது ஒரு மொழி, செய்து கொடுப்பவர் பேசுவது இன்னொரு மொழி. இரண்டுக்கும் நடுவே போய்வருவது அந்தச் சீட்டு.

வெளியூரில் வாடகைக்கு இருக்கிற நமக்கு இது நன்றாகவே புரியும். இங்கே புனேயில் பதினொரு மாதத்துக்கு 'லீவ் அண்ட் லைசென்ஸ்' பத்திரம் போடுவார்கள். அதில் கதவு எண் மட்டுமா இருக்கும்? எத்தனை அறை, எந்தத் தேதிவரை, காலி செய்யும்போது சுண்ணாம்பு அடிப்பது யார் பொறுப்பு என்று எல்லாம் இருக்கும். கதவு எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து 'போய் இருந்துகொள்' என்று எந்த வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார்.

ஆனால் கணினி உலகம் ஐம்பது வருஷமாக அப்படித்தான் நடந்தது. சீட்டில் கதவு எண் மட்டும். எவ்வளவு இடம், எதுவரை செல்லும், காலி செய்வது யார் என்ற மூன்றும் வாய்ச்சொல். மிஞ்சிப்போனால் கையேட்டில் ஒரு வரி. அந்த வாய்ச்சொல்லை எப்படியாவது எழுத்தில் கொண்டுவரப் பார்த்ததுதான் பாயிண்டரின் வரலாறு என்பது என் கட்சி.

எல்லாமே எண்ணாக இருந்த காலம்

பாயிண்டர் என்பதைத் தனி மாறியாகவே ஓர் உயர்நிலை மொழிக்குள் கொண்டுவந்தவர் ஹரால்ட் லாசன். 1960-களின் நடுவில் பிஎல்/1 மொழிக்காகச் செய்தார். இதற்காக 2000-ல் ஐஇஇஇ அவருக்குக் கணினி முன்னோடி விருது கொடுத்தது.

நம் கையில் இன்று புழங்கும் பாயிண்டர் வந்த வழி வேறு. கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-ல் பிசிபிஎல் என்ற மொழியை உருவாக்கினார். அதில் வகை என்பதே கிடையாது. எல்லாம் ஒரே 'வேர்ட்'. அந்த எண்ணைக் கூட்டினால் அது எண், அதை வைத்து வீட்டைத் தேடினால் அது முகவரி. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் அதைச் சுருக்கி பி என்ற மொழியாக்கினார். அவரிடம் அப்போது இருந்த பிடிபி-7 கணினியில் வேர்டுக்கு ஓர் எண் என்று தெரு இருந்ததால் ஒத்துப்போயிற்று.

பிறகு பிடிபி-11 வந்தது. அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி எண். பி மொழியின் சீட்டு வேர்டுக் கணக்கில் இருந்தது, இயந்திரம் பைட் கணக்கில் கேட்டது. ஒவ்வொரு தடவை சீட்டை நீட்டும்போதும் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது. டென்னிஸ் ரிச்சி மொழிக்கு வகைகளைச் சேர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1971 முதல் 1973 வரையிலான இந்த வேலையில் பிறந்ததுதான் சி. சீட்டில் எண்ணோடு, அந்த வீட்டில் இருப்பது எழுத்தா, முழு எண்ணா என்றும் இப்போது தெரிந்தது. ஆனால் எத்தனை வீடு என்பது அப்போதும் சீட்டில் ஏறவில்லை.

யூனிக்ஸ் செய்த இரண்டு நல்ல காரியம்

1973-ல் யூனிக்ஸ் கெர்னலையே சி மொழியில் திரும்ப எழுதினார்கள். அதன் 'ரீட்' என்ற அழைப்பைப் பாருங்கள். மூன்று விஷயம் கேட்கும்: எந்தக் கோப்பு, எந்த முகவரியில் வைக்க, எத்தனை பைட். அளவை முகவரியோடு சேர்த்துக் கேட்டது முதல் நல்ல காரியம்.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பைத் திறந்தால் கெர்னல் தன் உள்வீட்டு முகவரியைத் தருவதில்லை. 3, 4, 5 என்று ஒரு சின்ன எண்ணைத் தரும். கோயில் வாசலில் செருப்பு டோக்கன் தருகிற மாதிரி. செருப்பு எந்த அடுக்கில் இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. டோக்கனைத் திருத்திப் போலியாக நீட்டினாலும் கடைக்காரர் தன் பட்டியலைப் பார்த்து 'இப்படி ஒன்று இல்லையே' என்று சொல்லிவிடுவார்.

நாம் தரும் முகவரியையும் கெர்னல் அப்படியே நம்பக் கூடாது. நம் எல்லைக்குள் இருக்கும் வீடுதானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் 'தவறான முகவரி' என்று 14-ஆம் எண் பிழையைத் திருப்பும். லினக்ஸில் இதற்கென்றே தனிச் செயற்கூறுகள் உண்டு. பயனர் பக்கத்து முகவரியை அவை வழியாக மட்டுமே தொட வேண்டும் என்பது விதி. விதியை ஓரிடத்தில் மறந்தால் என்ன ஆகும்? 2008 பிப்ரவரியில் தெரிந்தது. விஎம்ஸ்ப்ளைஸ் என்ற அழைப்பில் இந்தச் சரிபார்ப்பு விடுபட்டுப்போயிருந்தது. சாதாரணப் பயனராக உள்ளே வந்த ஒருவர் அந்த ஓட்டை வழியாக முழுக் கணினிக்கும் அதிபதியாகிவிட முடிந்தது.

அளவு கேட்காத வாசலும் ஒன்று இருந்தது. சி நூலகத்தின் 'கெட்ஸ்'. ஒரு வரியைப் படித்து இந்த முகவரியில் வை என்று மட்டும்தான் அதற்குச் சொல்ல முடியும். எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லவே வழியில்லை. 1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற கார்னல் மாணவர் விட்ட புழு, ஃபிங்கர் சேவையில் இருந்த இந்த வாசல் வழியாகவும் நுழைந்தது. 512 பைட் இடத்துக்கு 536 பைட் அனுப்பியது. கூடுதலாக வந்த 24 பைட் பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்தது. அந்நாள் இணையத்தில் சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாகப் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். 'கெட்ஸ்' சி தரநிலையிலிருந்து நீக்கப்பட்டது 2011-ல். இருபத்து மூன்று வருஷம் கழித்து!

வீடே இடம் மாறினால்?

1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் வந்தது. மொத்த நினைவகம் 128 கேபி. இந்தப் பதிவோடு நான் போடுகிற ஒரு படமே அதைவிடப் பெரிது. அவ்வளவு சின்னத் தெருவில் நடுநடுவே காலி மனை விட்டுவைக்க முடியாது. அதனால் இயங்குதளம் வீடுகளை அவ்வப்போது நகர்த்தி நெருக்கிவைக்கும். நகர்த்தினால் கையில் இருக்கும் சீட்டு பொய்யாகிவிடுமே? அதற்கு 'ஹேண்டில்' என்று ஒன்று கொடுத்தார்கள். அது வீட்டு முகவரி அல்ல. முகவரி எழுதிவைத்திருக்கும் பலகையின் முகவரி. வீடு மாறினால் இயங்குதளம் பலகையை அழித்து எழுதிவிடும். நாம் அடிக்கடி வீடு மாறினாலும் பேங்க் கணக்கு எண் மாறுவதில்லையே, அந்த மாதிரி.

மெக்கின்டாஷ் இடைமுகம் பாஸ்கல் மொழியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பாஸ்கல் பாணியில் சரம் என்றால் முதல் பைட்டிலேயே நீளம் இருக்கும், 255 எழுத்துவரை. சி மொழியில் நீளம் எங்கும் இருக்காது. பூஜ்யம் வரும்வரை படித்துக்கொண்டே போக வேண்டும். ஆகவே சி-யில் எழுதியவர்கள் ஒவ்வொரு வாசலிலும் சரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரே சீட்டு, ஆனால் படிக்கிற முறை இரு வீட்டாருக்கும் வேறு.

1985-ல் வந்த விண்டோஸின் பாடு இன்னும் மோசம். 8086 செயலியில் முகவரியே இரண்டு துண்டு. பதினாறு பிட் செக்மெண்ட், பதினாறு பிட் ஆஃப்செட். முதலாவதைப் பதினாறால் பெருக்கி இரண்டாவதைக் கூட்டினால்தான் உண்மையான இடம் கிடைக்கும். இதனால் ஒரே இடத்துக்கு ஆயிரக்கணக்கான வேறுவேறு முகவரி எழுத முடியும். ஒரே செக்மெண்டுக்குள் என்றால் 'நியர்' பாயிண்டர், வெளியே என்றால் 'ஃபார்' பாயிண்டர். விண்டோஸ் நிரல்களில் எல்பி என்று தொடங்கும் பெயர்கள் இன்றும் கிடக்கின்றனவே, அது 'லாங் பாயிண்டர்' என்பதன் மிச்சம். 1993-ல் விண்டோஸ் என்டி வந்து தெருவை 32 பிட்டில் நேராக்கிவிட்டது. பெயர் மட்டும் போகவில்லை. கடை மூடி முப்பது வருஷம் ஆனாலும் பஸ் ஸ்டாப்புக்கு அந்தக் கடை பெயரே நிற்பதில்லையா!

விபியும் தமிழ்க் கேள்விக்குறிகளும்

நான் வேலைக்குச் சேர்ந்த 2001-ல் எங்கு பார்த்தாலும் விஷுவல் பேசிக். விபியில் பாயிண்டர் என்ற சொல்லே இல்லை. மவுஸால் பொத்தானை இழுத்துப் போட்டால் நிரல் தயார். ஆனால் விண்டோஸ் ஏபிஐ முழுக்க சி மொழிக்காரர்களுக்காக எழுதப்பட்டது. விபியிலிருந்து அதைக் கூப்பிட 'டிக்ளேர்' என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரியில் 'பைவால்' என்ற ஒரே சொல் விடுபட்டால், மதிப்புக்குப் பதில் முகவரி போய்ச் சேரும். உடனே 'இந்த நிரல் சட்டவிரோதச் செயல் புரிந்துவிட்டது' என்று விண்டோஸ் அறிவிக்கும். அதைப் பார்த்து, போலீஸ் வந்துவிடுமோ என்று பயந்த பெரியவர்களை நான் அறிவேன் :-)

சரத்தை வாங்கி வருவதும் தனிக் கலை. முதலில் 255 வெற்றிடம் நிரப்பிய சரம் ஒன்றைச் செய்து கொடுக்க வேண்டும். விண்டோஸ் அதில் எழுதிவிட்டு எத்தனை எழுத்து என்று சொல்லும். மீதியை நாம் வெட்ட வேண்டும். பாத்திரம் எடுத்துக்கொண்டு போனால்தான் பால் ஊற்றுவார்கள்.

விபியின் சரத்துக்கு பிஎஸ்டிஆர் என்று பெயர். பாஸ்கலையும் சி-யையும் கல்யாணம் செய்துவைத்த மாதிரி அமைப்பு. முன்னால் நான்கு பைட்டில் நீளம், நடுவில் எழுத்துகள், கடைசியில் பூஜ்யம். பாயிண்டர் காட்டுவது நடுவில் இருக்கும் முதல் எழுத்தை. சி-காரர் வந்தால் அங்கிருந்து பூஜ்யம்வரை படித்துக்கொள்வார். விபிக்காரர் நான்கு பைட் பின்னால் போய் நீளத்தைப் பார்த்துக்கொள்வார். சண்டையே இல்லை.

சண்டை வந்தது நம் தமிழுக்குத்தான். 32 பிட் விபியின் வயிற்றுக்குள் எல்லாச் சரமும் யூனிகோடு. ஆனால் 'டிக்ளேர்' வழியாக வெளியே அனுப்பும்போது, பழைய விண்டோஸுக்கும் ஒத்துப்போக வேண்டுமென்று, அதை ஆன்சி என்ற எட்டு பிட் குறியீட்டுக்கு மாற்றி ஒரு தற்காலிக நகல் எடுத்து அந்த நகலின் முகவரியைத்தான் கொடுக்கும். பிரெஞ்சுக்கும் ரஷ்யனுக்கும் ஆன்சி பட்டியல் இருந்தது. தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பட்டியல் கிடையவே கிடையாது. விண்டோஸ் 2000-ல் தமிழ் வந்தபோது யூனிகோடாக மட்டுமே வந்தது. ஆக, 'முருகன்' என்று உள்ளே இருந்த பெயர் வாசலைத் தாண்டும்போது வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருள்களில் பல டாப், டாம், திஸ்கி என்று எட்டு பிட் எழுத்துருக்களையே கட்டிக்கொண்டு அழுததற்கு இந்த வாசலும் ஒரு காரணம். ஆங்கிலத்துக்கென்று இருக்கும் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தால் மாற்றத்தில் தப்பிக்கும். தப்பிக்க இன்னொரு வழியும் இருந்தது: 'ஸ்டிரிங் பாயிண்டர்' தரும் ஒரு செயற்கூறு விபிக்குள் ஒளிந்திருந்தது. முறையான ஆதரவு இல்லாதது. அதை வைத்து நகலைத் தவிர்த்து, உண்மையான யூனிகோடு சரத்தின் முகவரியையே எடுத்து, விண்டோஸின் அகல எழுத்து வாசலில் நீட்டினால் தமிழ் தமிழாகவே போய்ச் சேரும். பாயிண்டரே இல்லாத மொழியில் நம் எழுத்தைக் காப்பாற்றியது ஒரு பாயிண்டர்தான்.

சீட்டே வேண்டாம் என்றவர்கள்

1990-களில் ஜாவா வந்து பாயிண்டரை நிரலர் கண்ணிலிருந்தே மறைத்தது. குப்பை அள்ளுவதற்கு அதுவே ஆள் வைத்திருந்தது. ஆனால் வெளியுலகம் சி. அதனிடம் பேசித்தானே ஆக வேண்டும்? முதல் பதிப்பில் ஜாவாப் பொருளை சி மொழியின் அமைப்பாகவே காட்டி நேராகக் கையை விடச் சொன்னார்கள். ஜாவா தன் வீடுகளை நகர்த்த நினைத்தால் இது ஆகாது. 1997-ல் வந்த ஜேஎன்ஐ அதை மாற்றியது. சி-காரருக்கு நேர் முகவரி கிடையாது, ஒரு குறிப்பு எண் மட்டும். அந்தக் குறிப்பும் அழைப்பு முடியும்வரைதான் செல்லும். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். 'எதுவரை' என்ற கேள்வி இங்கே விதியாக வந்தது. மெக்கின்டாஷின் பலகை ஞாபகம் வருகிறதா?

'காலி செய்வது யார்' என்பதை 1993-ல் மைக்ரோசாஃப்டின் காம் கையில் எடுத்தது. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வது, கடைசி ஆள் விட்டதும் வீட்டைக் காலி செய்வது. நினைவகத்தைக் கொடுக்கல் வாங்கல் செய்தால் இரு தரப்பும் ஒரே பொதுக் கிடங்கில்தான் எடுக்க வேண்டும், திருப்ப வேண்டும் என்றும் வைத்தார்கள். 2002-ல் வந்த டாட்நெட், பாயிண்டர் அளவுக்கென்றே ஒரு வகையைக் கொடுத்தது. வீட்டை நகர்த்தாதே என்று கொஞ்ச நேரம் ஆணி அடித்து நிறுத்தவும் வசதி செய்தது. கோ மொழி 2016-ல் தன் 1.6 பதிப்பில் ஒரு விதி போட்டது: அழைப்பு முடிந்த பிறகு சி-காரர் கோவின் முகவரியைப் பையில் வைத்திருக்கக் கூடாது. ஆளாளுக்கு வேறு சட்டம், ஆனால் கேள்வி அதே மூன்றுதான்.

அண்ணாச்சியின் எக்செல்

32 பிட்டில் சுமார் 429 கோடி கதவு எண்கள் உண்டு. அதாவது 4 ஜிபி. அது பத்தாமல் 64 பிட்டுக்குப் போனபோது யூனிக்ஸும் விண்டோஸும் பிரிந்தன. யூனிக்ஸ் உலகில் 'லாங்' என்ற எண் வகையும் பாயிண்டரோடு சேர்ந்து 64 பிட் ஆயிற்று. விண்டோஸில் பழைய நிரல்கள் உடையாமலிருக்க 'லாங்' 32-லேயே நின்றது, பாயிண்டர் மட்டும் வளர்ந்தது. முகவரியை 'லாங்'கில் எழுதிவைத்திருந்தவர்களுக்கு முன்பாதி வெட்டுப்பட்டது. 'புனே 411' என்றவரை பின்கோடு எழுதித் தபாலில் போட்ட கதை. பைத்தானில் 2006-ல் வந்த சிடைப்ஸிலும் இதே பொறி உண்டு. திரும்பிவருவது பாயிண்டர் என்று நாம் சொல்லாவிட்டால் அதை 32 பிட் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும்.

சில வருஷம் முன்பு போசரி தொழிற்பேட்டையில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, பொட்டி புதுசுதான். பில்லு போடுத எக்செல் மட்டும் ஓட மாட்டேங்கு." போய்ப் பார்த்தேன். புதுக் கணினியில் 64 பிட் எக்செல். பழைய மேக்ரோவில் பன்னிரண்டு 'டிக்ளேர்' வரிகள். அதை எழுதிக் கொடுத்த பையன் கனடாவில் இருக்கிறான். 'இந்த வரிகளைச் சரிபார்த்து பிடிஆர்சேஃப் என்று குறியிடு' என்று எக்செல் நின்றுவிட்டது. 2010 பதிப்பில் வந்த விதி இது. நின்றதுதான் சரியும்கூட.

இணையத்தில் தேடினால், எல்லா வரியிலும் 'பிடிஆர்சேஃப்' என்று சேர்த்துவிடு, ஓடும் என்பார்கள். ஓடும்தான். ஆனால் அந்தச் சொல் எதையும் சோதிப்பதில்லை. 'நான் பார்த்துவிட்டேன்' என்று நாம் போடும் கையெழுத்து, அவ்வளவே. உண்மையான வேலை, ஒவ்வொரு 'லாங்'கும் எண்ணிக்கையா, முகவரியா என்று பிரிப்பது. விண்டோஸின் சாளர ஹேண்டில்கள் 64 பிட்டிலும் 32 பிட்டுக்குள் அடங்கும் என்பதால் பிரிக்காவிட்டாலும் அவை மாதக்கணக்கில் ஓடும். கிளிப்போர்டுக்காக நினைவகத்தைப் பூட்டி எடுக்கும் வரி தருவதோ நிஜமான முகவரி. அதை 'லாங்'கில் வாங்கினால் என்றைக்காவது ஒருநாள், பில் போடும் நேரத்தில், மொத்த எக்செல்லும் மூடிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டு வரியையும் பிரித்துக் கொடுத்தேன். அண்ணாச்சிக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவருடைய பதினைந்து வருஷக் கணக்கு ஒரு சீட்டில் எழுதாமல் விட்ட விஷயத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதுதான் என்னை யோசிக்கவைத்தது.

இருபத்தொன்றாவது வீடு

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை போட்டுப் படுத்தன. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஊருக்குக் கிளம்பி மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றவர்கள் யாரும் பாயிண்டர் என்ற சொல்லை நினைத்திருக்க மாட்டார்கள்.

காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள். கெர்னலுக்குள் ஓடுவது. அந்த நிறுவனமே வெளியிட்ட விளக்கத்தின்படி, புது விதிக் கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, அழைத்த நிரல் கொடுத்தது 20. இருபத்தொன்றாவது வீட்டைத் தேடிப் போனது. அங்கே வீடு இல்லை. சாதாரண நிரலாக இருந்தால் அது மட்டும் விழுந்திருக்கும். கெர்னலுக்குள் இருந்ததால் தெருவே விழுந்தது. இரண்டு பக்கமும் அளவைப் பற்றி வேறுவேறாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், வாசலில் கேட்க ஆள் இல்லை.

இது ஒருநாள் கூத்து இல்லை. மைக்ரோசாஃப்ட் 2019-ல் சொன்ன கணக்கு: வருஷாவருஷம் அவர்கள் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகத் தொடுவதால் வருபவை.

இப்போது சீட்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பத்திரமாகி வருகிறது. 2015-ல் 1.0 கண்ட ரஸ்ட் மொழியில் யார் உரிமையாளர், கடன் எதுவரை என்பதைக் கம்பைலரே சரிபார்க்கும். சி-யிடம் போகும் பச்சை பாயிண்டரைத் திறந்து பார்க்க வேண்டுமானால் 'அன்சேஃப்' என்று எழுதிய அறைக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். பிழை வந்தால் முதலில் எந்த அறையைத் தேடுவது என்றாவது தெரியும். 2022 டிசம்பரில் லினக்ஸ் 6.1 ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்தது.

ஜேஎன்ஐ செய்த ஜாவாவும் 2024 மார்ச்சில் 22-ஆம் பதிப்பில் புது வாசல் கட்டியது. அதில் நினைவகத் துண்டு என்றால் முகவரி, அளவு, ஆயுள் மூன்றும் சேர்ந்தே வரும். சி-யிலிருந்து வெறும் பாயிண்டர் ஒன்று வந்தால் ஜாவா அதற்குப் போடும் அளவு என்ன தெரியுமா? பூஜ்யம். 'கதவு எண் இருக்கிறது, சரி. எத்தனை அறை என்று சொல்லும்வரை உள்ளே கால் வைக்க மாட்டேன்.' நீளம் எவ்வளவு என்று நிரலர் வெளிப்படையாக எழுதித் தந்தால்தான் திறக்கும். அந்தப் பொறுப்பு அதன் பிறகு எழுதித் தந்தவருடையது.

இவ்வளவு வந்த பிறகும் நடுவில் நிற்கும் பொது மொழி சி-தான். ரஸ்ட் பைத்தானிடம் பேசினாலும், ஜாவா விண்டோஸிடம் பேசினாலும் பெரும்பாலும் நடுவில் போவது அதே துண்டுச் சீட்டு. அண்டை மாநிலத்துக்காரர் இருவர் சந்தித்தால் இரண்டு பேருக்கும் அரைகுறையான ஒரு மொழியில் பேசிக்கொள்வதில்லையா? அப்படி. அதனால் இது சீக்கிரம் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, ஸ்டாரையும் ஆம்பர்சண்டையும் தேர்வுக்குப் படியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு செயற்கூறு பாயிண்டர் கேட்டாலோ கொடுத்தாலோ மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள். எவ்வளவு இடம்? எதுவரை? காலி செய்வது யார்? மொழியே பதில் சொன்னால் நல்லது. கையேடு சொன்னால் அதை நிரலிலேயே ஒரு வரி குறிப்பாக எழுதிவையுங்கள். யாருமே சொல்லவில்லை என்றால் அந்த வாசலில் நிதானமாகக் கால் வையுங்கள். எழுதிய நீங்கள் பத்து வருஷம் கழித்துக் கனடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பீர்கள். நிரல் மட்டும் யாரோ ஓர் அண்ணாச்சியின் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்.